கறுப்புக் கோடு போட்ட விமானம்

வாசல் உண்டு, படி கிடையாது. வரிசையாக ஜன்னல் உண்டு, ஒன்றும் திறக்காது. நூறு பேருக்கு இடம் உண்டு, ஆனால் ஏறிப் போவது தண்ணீர்ப் பீப்பாய். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

விமானம் என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான். புது ரக விமானம் செய்கிற கம்பெனி, அதை நிறையச் செய்து விற்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்து பறக்கவிட்டுப் பார்க்கும். அந்த முதல் விமானத்தில் பயணிகளை ஏற்றமாட்டார்கள். ஆள் எடைக்குப் பதிலாகப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி, நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில் கட்டிவைத்து, மேலே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பார்கள், குலுக்கிப் பார்ப்பார்கள். அதற்கென்று தனியாக ஒரு வண்ணமும் பூசுவார்கள், பெண் பார்க்க வருகிற நாளில் மட்டும் கட்டுகிற புடவை மாதிரி. சோதனை முடிந்ததும் அந்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டு வேறு பூசுவார்கள், அல்லது விமானத்தையே உடைத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். அப்படி எங்கோ பனி பெய்யும் நாட்டில் உடைத்து எடைக்குப் போட்ட ஒரு முதல் விமானம், எத்தனையோ வருஷம் கழித்து, சென்னைக்குத் தெற்கே கன்னியம்மன் தெருவின் மேலே வந்து நின்றது.

கன்னியம்மன் தெரு விமான நிலையத்தின் பின்சுவரை ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை தொடங்குகிறது என்பதால், கிளம்புகிற விமானமும் இறங்குகிற விமானமும் தெருக்காரர்களின் தலைக்கு மேலேதான் போகும். போகும்போது காதில் வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. ஆகவே அந்தத் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. விமானம் வந்தால் பேச்சை எந்த எழுத்தில் விட்டார்களோ அந்த எழுத்தில் நிறுத்தி, நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்து, சத்தம் போனதும் அடுத்த எழுத்திலிருந்து தொடர்வார்கள். "தக்கா" என்று காய்வண்டிக்காரரிடம் ஆரம்பித்தவர் சற்றுப் பொறுத்து "ளி அரைக் கிலோ" என்பார். கல்யாணப் பேச்சானாலும் சாவுச் செய்தியானாலும் கோயில் பூசாரியின் மந்திரமானாலும் இதுதான் முறை. புதிதாக வந்த மருமகள்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், பிறகு அவர்களும் நிறுத்துவார்கள், தொடர்வார்கள். விட்ட எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர் அந்தத் தெருவில் இல்லை.

ஒரே ஒருவர் போனார். அவர் செவ்வந்தியின் அப்பா தணிகைவேல்.

தணிகைவேல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை இழுத்துப் போகும் வண்டியை ஓட்டினார். பகலெல்லாம் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்றவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சிமுலேட்டரில் விமானம் ஓட்டுவார். பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய ஜாய்ஸ்டிக். அவருடைய மனைவி மரகதம் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வடிவமைப்பு வேலை பார்த்தாள். பூப்பு நன்னீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவருக்குப் பிறந்தநாள் எல்லாம் அவள் கையில்தான் உருவாகும். ஒருநாள் அவர் "மரகதம், இந்த பிளேன் மொட்டையா இருக்குது, இதுக்கு ஒரு சட்டை போட்டு விடேன்" என்று கேட்க, அவள் விளையாட்டாகத்தான் தொடங்கினாள். பிறகு அதில் மனம் ஊன்றி, உலகத்தில் எங்கெங்கோ இருந்து சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் கேட்டு வாங்கும் அளவுக்கு ஆனாள். அவள் வரைந்தது பெரும்பாலும் முதல் விமானங்களின் வண்ணங்களைத்தான். பழைய படங்களைத் தேடி எடுத்து, பெரிதாக்கி, ஜன்னலை எண்ணி, எழுத்தின் வளைவை அளந்து வரைவாள். படத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் மறுபக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவாள். கண்ணால் காணாததை வரையக்கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. கடையில் செத்தவர் தலையில் முடி வைக்கச் சொன்னால் வைப்பாள். விமானத்தில் ஓர் ஆணி கூடக் கூட்டமாட்டாள்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய தணிகைவேல், வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "செவ்வந்தி, சாயங்காலம் வர்றப்போ உனக்கு ஒரு" என்றார். அப்போது விமானம் வந்தது. அவர் முறைப்படி ஒரு விரலை உயர்த்தியபடி நின்றார். சத்தம் அடங்குவதற்குள் தெருமுனையில் கம்பெனி வேன் வந்துவிட்டது. உயர்த்திய விரலாலேயே 'வந்து சொல்கிறேன்' என்று காட்டிவிட்டு ஓடினார். வேன் பெரிய சாலையில் ஏறும் இடத்தில் ஒரு லாரி நிற்காமல் வந்தது. அத்தோடு அவர் திரும்பவில்லை. செவ்வந்திக்கு வாங்கி வருவதாக இருந்தது பொம்மையா, புத்தகமா, சட்டையா என்று யாருக்கும் தெரியவில்லை.

திதி முடிந்த பிறகுதான் மரகதம் மறுபடி கம்ப்யூட்டரைத் திறந்தாள். தணிகைவேல் வெகுநாள் ஆசைப்பட்டுக் கேட்ட விமானம் ஒன்று பாக்கியிருந்தது. அதற்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைத்திருந்தது. மேலே வெள்ளை, வயிறு வெள்ளி, ஜன்னல் வரிசையின் மேலே மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. அவள் இருந்ததை இருந்தபடி வரைந்து, சேமித்து, சிமுலேட்டரில் ஏற்றிவிட்டுப் படுத்தாள். விடிந்து கோலம் போட வந்தபோது விமானம் தெருவுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

தென்னை மர உயரத்தில், சத்தமில்லாமல், அசையாமல், மாரியப்பன் அரிசிக் கடையிலிருந்து கன்னியம்மன் கோயில்வரை நீளமாக நின்றது. பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்கா வாளியோடு வெளியே வந்து, தலையை உயர்த்திப் பார்த்து, வாளியைக் கீழே வைத்தாள்.

"மரகதம், இது உன்னோடதா?"

"என்னோடதுதாங்க்கா."

"துணி காயாதேடி."

"கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாம்க்கா."

அவ்வளவுதான் அன்று பேசப்பட்டது. விமான நிலையத்திலிருந்து ஆள்கள் வந்தார்கள். அண்ணாந்து பார்த்து, வாலில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணில் விமானம் எதுவும் உலகத்தில் இல்லை, ஆகவே இங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் எதற்கு வம்பு என்று மற்ற விமானங்களை எல்லாம் வேறு ஓடுபாதைக்கு மாற்றினார்கள். அது சித்திரை மாதம். கத்திரி வெயிலில் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் தார் உருகிக் கிடக்க, கன்னியம்மன் தெருவில் மட்டும் வால் முதல் மூக்குவரை நிழல் விழுந்தது. கட்டில்கள் வெளியே வந்தன. இளநீர்க்காரர் தன் வண்டியை இடது இறக்கைக்குக் கீழே நிரந்தரமாக நிறுத்தினார். கவுன்சிலர் கோதண்டம், தாம் எடுத்த முயற்சியால் வந்த நிழல் என்று ஒரு பேனர் வைக்க, அதையும் மரகதம்தான் வடிவமைத்தாள்.

விமானம் வந்த புதிதில் மரகதம், வால் எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருப்பதைக் கவனித்து, வழக்கம்போல் திருத்தினாள். திருத்திச் சேமித்த நிமிஷத்தில் மேலே விமானம் ஒரு பனை உயரம் ஏறி, மூக்கைக் கடல் பக்கம் திருப்பியது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, திருத்திய எழுத்தை மறுபடி பிசகாக்கினாள். விமானம் பழைய இடத்துக்கே இறங்கிவந்து நின்றது. பிழைதான் அதைக் கட்டி வைத்திருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்கும், பின்னால் நின்று பார்த்த செவ்வந்திக்கும் தெரிந்துபோயிற்று.

"எதுக்கும்மா தப்பா போட்ட?"

"சாயங்காலம் பாரு."

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் விமானம் மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. "பார்த்தியா? உங்கப்பா இப்படித்தான் ஓட்டி முடிச்சதும் இடப்பக்கம் சாய்ச்சிட்டு நிறுத்துவாரு. அவரு மேலதான்டி இருக்காரு" என்றாள் மரகதம். கணவர் இறந்த பிறகு அவள் முகத்தில் செவ்வந்தி பார்த்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காகவே செவ்வந்தி தனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டியவள் அவள். அதன் ஸ்பிரிங் தேய்ந்து போயிருந்தது. அப்பா டீ குடிக்கக் கையை எடுத்தால் விமானம் தானாக இடது பக்கம் சாயும். கையை எடுத்தால்தான் சாயும்.

ஆடி பிறந்தது. தெருவில் முன்பு எப்போதும் இல்லாத ஒன்று வந்திருந்தது, அது அமைதி. மேலே விமானம் போவதில்லை, பேச்சை நிறுத்தவேண்டிய தேவையும் இல்லை. முன்பெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், வாயில் வந்த கெட்ட வார்த்தையின் முதல் எழுத்தோடு ஒரு விமானம் வரும், அது போவதற்குள் கோபம் ஆறி, அந்த எழுத்திலிருந்து வேறு நல்ல வார்த்தை ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். இப்போது எல்லா வார்த்தையும் முழுசாக வந்து விழுந்தது, விழுந்தது எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் தம்பியிடம் சொன்னது அடுத்த வீட்டுக்குக் கேட்டது, மாமியார் முணுமுணுத்தது மருமகளுக்குக் கேட்டது. அரிசிக் கடை மாரியப்பனும் இளநீர்க்காரரும் நிழல் யாருக்குச் சொந்தம் என்று பேசத் தொடங்கி, ஒருவருடைய தாயைப் பற்றி இன்னொருவர் சொன்னதைத் தெருவே கேட்டு, அதன்பின் இரண்டு குடும்பமும் முகம் பார்க்கவில்லை. வெயில் படாமல் வடாம் பூஞ்சை பிடித்தது. ஜெயசீலி அக்காவின் மகளுக்குப் பிறந்த குழந்தை மஞ்சளாக இருக்கிறது, காலை வெயில் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்ல, அவள் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை வெயிலைத் தேடி நடந்தாள்.

அந்த நாள்களில்தான் பனி பெய்யும் நாட்டிலிருந்து மரகதத்துக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவள், மரகதம் வரைந்ததை இணையத்தில் பார்த்த, அந்த விமானத்துக்கு வண்ணம் பூசியவரின் மகள். 'வேலை மிக அழகு, ஒரு தவறு மட்டும் இருக்கிறது. கோடு கறுப்பு அல்ல, சிவப்பு. அந்தக் காலத்தில் ஒருவகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே பதியும். மிஞ்சிய பெயிண்டை அப்பா எங்கள் தோட்டத்துப் பெஞ்சுக்கு அடித்தார், படம் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தாள். படத்தில், பனி படிந்த தோட்டத்தில், நன்றாகப் பழுத்த மிளகாயின் சிவப்பில் ஒரு பெஞ்சு இருந்தது. மரகதம் அதைப் பார்த்தாள். பதில் எழுதாமல் மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே பிழை செய்யத் தொடங்கினாள். விமானியின் ஜன்னலுக்குக் கீழே தமிழில் 'தணிகைவேல்' என்று எழுதினாள். விமானம் ஒரு முழம் இறங்கியது. இல்லாத ஜன்னல் ஒன்றைச் சேர்த்தாள், இன்னும் இறங்கியது. ஆணி கூடக் கூட்டாத கை, இப்போது வாலில் முருகன் வேல் வரைந்தது. டிஷ் ஆன்டெனாக்கள் நசுங்கின. மாடித் தண்ணீர்த் தொட்டிகளின் மூடிகள் பெயர்ந்தன. வெள்ளி வயிறு ஜெயசீலி அக்காவின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார, சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது.

தெரு கோயிலடியில் கூடியது. பகலிலும் விளக்கு போட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. கவுன்சிலர் தொண்டையைச் செருமினார்.

"மரகதம், நிழலெல்லாம் போதும்மா. வீடு இடிஞ்சா எவன் பொறுப்பு? நீயே எடுத்துடு."

"உங்க வீட்டு மனுஷன் மேல இருந்தா எடுப்பீங்களா?"

"என் வீட்டு மனுஷன் மேல இருந்தா, நான் ஏணிய எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பேன்" என்றாள் ஜெயசீலி அக்கா. வேறு நாளாக இருந்தால் தெரு சிரித்திருக்கும்.

"ஏன்க்கா, உங்க பேத்திக்கு வெயில் வேணும். எனக்கு எம் புருஷன் வேணாமா?"

"அவன் செத்துட்டான்டி."

முன்பானால் அந்த வார்த்தை பாதியில் நின்றிருக்கும். இப்போது முழுசாக வந்து எல்லார் நடுவிலும் கிடந்தது. மரகதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் விமானத்தின் இடது பக்கத்தில் ஒரு கதவு வரைந்தாள், திறந்த கதவாக. படத்தில் அந்தப் பக்கக் கதவு இல்லை, இருந்திருந்தாலும் மூடித்தான் இருந்திருக்கும். சேமித்ததும் மேலே கதவு திறந்தது. ஃப்ளெக்ஸ் கட்டுவதற்கு வைத்திருந்த அலுமினிய ஏணியைக் கடையிலிருந்து கொண்டுவந்து ஜெயசீலி அக்காவின் மாடியிலிருந்து அந்தக் கதவுக்குச் சாய்த்தாள். புளிச்சோறு கட்டினாள். இரண்டு பை. செவ்வந்தியின் பள்ளிக்கூட ஸ்வெட்டரையும் எடுத்துவைத்தாள்.

"மேல குளிரும்."

"எங்கம்மா போறோம்?"

"அவரு எங்க ஓட்டிக்கிட்டுப் போறாரோ அங்க."

"திரும்பி வருவோமா?"

மரகதம் ஸ்வெட்டரின் கையை மடித்தாள். "உனக்கு அப்பா வேணாமா?"

செவ்வந்தி அம்மாவின் பின்னாலேயே மாடி ஏறினாள். தெருவே மாடிகளில் நின்றது. திறந்த கதவுக்குள் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள் தெரிந்தன, அவற்றுக்குள் தண்ணீர் மெல்ல அலம்பும் ஓசை கேட்டது. மரகதம் ஏணியில் கை வைக்கும்போது, செவ்வந்தி, "ஒரு நிமிஷம்மா" என்றாள். கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, அண்ணாந்து, அன்று அவர் செய்தது போலவே ஒரு விரலை உயர்த்தினாள்.

"அப்பா, சாயங்காலம் வர்றப்போ எனக்கு ஒரு" என்றாள்.

நிறுத்தினாள். விரலை உயர்த்தியபடியே நின்றாள். கன்னியம்மன் தெருவில் அதற்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. சத்தம் அடங்கியதும் விட்டவர் விட்ட எழுத்திலிருந்து தொடர வேண்டும். சத்தம் அடங்கி மாதக்கணக்காயிற்று. எல்லாருடைய பேச்சும் முடிந்துவிட்ட தெருவில் ஒருவருடைய பேச்சு மட்டும் பாக்கி. மாரியப்பன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே போட்டார், குழந்தை கூட அழவில்லை. பீப்பாய்களில் தண்ணீர் அலம்பியது. விமானம் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ள முன்னாடி உட்கார்ந்திருப்பாரு, கேட்டிருக்காது. நான் போய்ச் சொல்றேன்" என்று மரகதம் ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள். "நீ போய் கம்ப்யூட்டர நிறுத்திட்டு, கேஸ் மூடியிருக்கான்னு பாத்துட்டு வா."

செவ்வந்தி விரலை மடக்கினாள். படியிறங்குவதற்கு முன்னால் ஜெயசீலி அக்காவிடம் போய், "பெரியம்மா, அம்மாவ ஏணிய விட்டு இறக்கிக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். ஜெயசீலி அக்கா பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, போய் மரகதத்தின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கீழே இழுத்தாள். "விடுங்கக்கா" என்று மரகதம் சொல்வதும், "விடமாட்டேன், திட்டு, நல்லாத் திட்டு" என்று அவள் சொல்வதும் கீழே வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது.

கேஸ் மூடியிருந்தது. செவ்வந்தி கம்ப்யூட்டர் முன்னால் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பனி பெய்யும் நாட்டிலிருந்து வந்த செய்தியைத் திறந்து, பெஞ்சின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கதவை அழித்தாள். வாலிலிருந்த முருகன் வேலை அழித்தாள். கூடுதல் ஜன்னலை அழித்தாள். வால் எண்ணைச் சரி செய்தாள். தணிகைவேல் என்ற பெயரை அழித்தாள். பிறகு பெஞ்சிலிருந்து சிவப்பை எடுத்து, மூக்கிலிருந்து வால்வரை கோட்டை நிரப்பி, சேமித்தாள். சித்திரையிலிருந்து இருண்டு கிடந்த ஜன்னல் வழியாக மேசைமேல் வெயில் வந்து விழுந்தது.